பட்டா இல்லாத திடல்கள்

மலேசியச் செம்பனையின் வரலாற்றை எழுதுகிற எவரும் வட சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தைத் தாண்டிப் போக முடியாது. பத்தாங் பெர்ஜுந்தைக்கு, அதாவது இன்றைய பெஸ்தாரி ஜெயாவுக்கு, அருகிலுள்ள அந்தத் தோட்டத்தில்தான், 1917-இல், பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோக்கோனியே செம்பனையை வணிக அளவில் முதன்முதலாக நட்டார். 13 ஆண்டுகள் கழித்து மலாயாத் தோட்ட வாழ்வை வைத்து அவர் எழுதிய நாவலுக்குப் பிரான்சின் கொன்கூர் பரிசு கிடைத்தது. மரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், துரையைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். அதே மண்ணில் காலையில் பால்மரம் வெட்டிவிட்டு மாலையில் வெறுங்காலோடு பந்தாடி, தோட்டத்தின் பெயரையே குழுவின் பெயராகச் சுமந்த ஆட்டக்காரர்களைப் பற்றி எழுதியவர்கள் மிகக் குறைவு.

கோலசிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், உலு சிலாங்கூர் எல்லை என்று விரிந்து கிடக்கும் இந்தத் தோட்டப் பகுதியின் காற்பந்தைப் பற்றிப் பேச ஒரு காரணம் இருக்கிறது. சொந்தத் திடல் இல்லாத, பெரும்பாலும் தோற்கிற, பணமில்லாத ஒரு குழுவை மக்கள் எதற்காக விடாமல் ஆதரிக்கிறார்கள், அந்த ஆதரவு எப்போது முறிகிறது என்ற கேள்விக்கு இங்கே ஒரு தெளிவான விடை கிடைக்கிறது. இந்தக் குழுக்கள் தோல்வியால் அழியவில்லை. தோல்வி அவர்களுக்குப் பழகிப்போன ஒன்று. காலடி மண் கைமாறியதால்தான் அழிந்தன.

தோட்டத்தில் காற்பந்து வேரூன்றியதற்கு வேலை நேரமே முதல் காரணம். விடியுமுன் பிரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு, வெயில் ஏறுவதற்குள் மரம் வெட்டு, பால் வடிந்ததும் சேகரித்து, நிறுவைக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வீடு திரும்பினால் பிற்பகல். பட்டணத்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவனுக்கு இல்லாத ஒரு நீண்ட மாலை, பால்மரத் தொழிலாளிக்குக் கிடைத்தது. அந்த மாலைக்குக் காத்திருந்தது கள்ளுக்கடை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளைப் பார்த்தால், கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடச் சொல்வதும், தொழிலாளி துரையைக் கண்டால் மிதிவண்டியைவிட்டு இறங்கத்தான் வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கச் சொல்வதும் இருக்கும். தொழிலாளி தன் மாலை நேரத்தையும் தன் உடம்பையும் தனக்கே உரியதாகக் கேட்டான் என்றுதான் அந்தக் கோரிக்கைகளை நான் படிக்கிறேன். போருக்குப் பிறகு தோட்டங்களில் தொண்டர் படைகளும், இளைஞர் மணிமன்றங்களும், தொழிற்சங்கக் கிளைகளும் எழுந்தபோது, காற்பந்துக் குழுவும் அவற்றோடு சேர்ந்தே வளர்ந்தது. நிர்வாகம் அதை எதிர்க்கவில்லை. பல தோட்டங்களில் துரைமார்களே ஊக்கம் தந்தார்கள். மலாயாத் தோட்டத்துறையில் ஸ்காட்லாந்துக்காரர்கள் நிறைய இருந்தார்கள் என்பதை இங்கே நினைவில் கொள்ளலாம். கத்ரி நிறுவனத்தை 1821-இல் சிங்கப்பூரில் தொடங்கிய அலெக்சாண்டர் கத்ரியும், 1910-இல் மலாக்காவில் சைம் டார்பியைத் தொடங்கிய இருவரில் ஒருவரான வில்லியம் சைமும் அந்த நாட்டவர்களே. பந்துக்குப் பைத்தியம் பிடித்த நாட்டிலிருந்து வந்தவர்களுக்குத் தோட்டத்தில் ஒரு திடல் இருப்பது இயல்பாகப் பட்டிருக்கும்.

திடல் பெரும்பாலும் தோட்ட அலுவலகத்துக்கும் தொழிலாளர் வசித்த லயங்களுக்கும் இடைப்பட்ட வெளியில் இருக்கும். அதே திடலில்தான் தீபாவளிப் போட்டிகள், திருவிழாக் கூட்டம், இரவில் திரை கட்டிக் காட்டும் படம் எல்லாம். கம்பத்துப் பையன்களும் பட்டணத்துச் சீனக் கடைக்காரர் மகன்களும் வந்து ஆடிய திடல்கள் உண்டு. நுழைவுச் சீட்டு கிடையாது. ஆதரவு என்பது கைதட்டலோடு முடிகிற காரியமும் கிடையாது. புல் வெட்டுவது, சுண்ணாம்புக் கோடு போடுவது, சம்பள நாளன்று வீடு வீடாகப் போய்ப் பந்துக்கும் சட்டைக்கும் வசூலிப்பது, பக்கத்துத் தோட்டத்துக்கு ஆடப் போகையில் லாரி கேட்டு அலுவலக எழுத்தரான கிராணியிடம் நிற்பது, திரும்பி வந்தவர்களுக்குச் சோறு வைப்பது, சேறு படிந்த சட்டைகளைத் துவைத்துப் போடுவது; இவ்வளவும் அதில் அடங்கும். பின்னிரண்டு வேலைகளைப் பெண்கள் செய்தார்கள். குழுப் படங்களில் அவர்கள் இல்லை. ஆனால் குழு நடந்தது அவர்கள் கையால்தான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இத்தனை உழைப்பும் நிற்பதற்கு ஓர் அடி நிலம்கூட அவர்களுக்குச் சொந்தமில்லை. லயம் கம்பெனியுடையது, திடல் கம்பெனியுடையது, ஆட்டத்துக்குப் போகிற லாரியும் கம்பெனியுடையது. வேலை போனால் வீடு போகும் என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த விதி. திடலும் போகும் என்பதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

பள்ளி, கோயில், திடல் மூன்றும் தோட்டத்துப் பொதுவெளிகள். பள்ளிக்குப் பின்னால் சட்டம் இருந்தது: 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருக்கிற தோட்டத்தில் பள்ளி நடத்தும் பொறுப்பை நிர்வாகத்தின்மேல் வைத்தது. அந்தப் பள்ளிகள் ஏழ்மையில் நடந்தன, நிலப் பிரச்சினை இன்றும் பலவற்றுக்கு ஓயவில்லை. ஆனாலும் தோட்டம் அழிந்தாலும் பள்ளியை வேறிடத்துக்கு மாற்றிக்கொடுக்கச் சொல்லிப் போராட ஒரு பிடி கிடைத்தது. கோயிலுக்குப் பின்னால் நிர்வாகக் குழுவும், கோயில் வரியும், சாமியைப் பெயர்ப்பது பாவம் என்ற அச்சமும் இருந்தன. மேம்பாட்டாளர்கூட அங்கே கொஞ்சம் தயங்கினார். திடலுக்கு மட்டும் ஒரு காவலும் இல்லை. இரண்டு கோல் கம்பங்களைப் பிடுங்கிவிட்டால் அது வெறும் புல்வெளி. புல்வெளியை இழந்ததற்காக எந்தத் தோட்டத்திலும் மறியல் நடந்ததாக நான் கேள்விப்படவில்லை.

1950-களின் பிற்பாதியில், சுதந்திரத்தை ஒட்டி, ஐரோப்பியக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று நம் தாத்தாக்கள் வயிற்றெரிச்சலோடு சொன்னது அதைத்தான். துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்கள் மாதச் சந்தா கட்டித் தோட்டங்களைத் தாங்களே வாங்கும் வழியைக் காட்டினார். மலேசியத் தமிழர் வரலாற்றில் அது ஒரு பெரிய செயல். அதன் நிழல் எட்டாத தோட்டங்களே அதிகம் என்பதும் உண்மை. பிறகு ரப்பர் விலை சரிந்தது. செம்பனை பரவியது. ஒரே பரப்புக்குச் செம்பனை கேட்கிற ஆள்பலம் ரப்பரைவிடக் குறைவு. லயங்கள் காலியாகத் தொடங்கின. 11 பேரைச் சேர்ப்பதே சிரமம் என்ற நிலை முதலில் வந்தது. திடலின் முடிவு அதற்குப் பின்னால் வந்தது.

வட சிலாங்கூரில் அந்த முடிவுக்குப் பல முகங்கள். பூஞ்சாக் ஆலம் பக்கம் செம்பனைக் காடுகள் வீடமைப்புத் திட்டங்களாயின. சுங்கை பூலோவின் எல்மினா தோட்டம் இன்று ஒரு புதுநகரத்தின் பெயர். கத்ரி பெயரில் 2005-இல் ஒரு நெடுஞ்சாலையே திறந்தது. 2011-இல் கோலாலம்பூரையும் கோலசிலாங்கூரையும் இணைக்கும் விரைவுச்சாலை வந்தபின் ஈஜோக், அசாம் ஜாவா நிலங்களின் விலை வேறு கணக்குக்குப் போனது. புக்கிட் தாகாரில் 2005 முதல் தலைநகரத்தின் குப்பை மலையாகக் குவிந்து வருகிறது. தோட்டத்துப் பெயர் பலகையில் தங்கிவிட்டது, தோட்டத்து மனிதர்கள் தங்கவில்லை.

புக்கிட் தாகாரின் பெயரைச் சொன்னவுடன் ஐந்து தோட்டங்களின் கதை வந்துவிடும். மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய தோட்டங்களில் வாழ்ந்த 245 குடும்பங்கள், நிலம் கைமாறி வேலை போன பிறகு, வாக்களித்த வீட்டைக் கேட்டுப் பல பத்தாண்டுகளைக் கடந்துவிட்டன. மனுக்கள், மறியல்கள், அமைச்சர்களின் உறுதிமொழிகள், ஆட்சி மாற்றங்கள் எல்லாவற்றையும் அவர்கள் பார்த்தாயிற்று. மலேசிய சோசலிசக் கட்சியினர் அவர்களுடன் நெடுங்காலம் நின்றிருக்கிறார்கள். அந்தப் போராட்டத்தின் மையம் வீடு. அப்படித்தான் இருக்கவும் வேண்டும்; தலைக்குமேல் கூரை இல்லாதவனிடம் திடலைப் பற்றிப் பேசுவது அறமாகாது. என் வருத்தம் வேறு. இப்படிப்பட்ட பேச்சுவார்த்தைகளில் கோயிலுக்கு இடம், பள்ளிக்கு இடம், மயானத்துக்கு இடம் என்று பட்டியல் போடுகிற பழக்கம் நமக்கு வந்துவிட்டது. திடலுக்கு இடம் என்று கேட்கிற பழக்கம் வரவில்லை. கேட்காததை யாரும் தரப்போவதில்லை.

இடம் பெயர்ந்த பிறகும் குழு சில காலம் உயிரோடு இருக்கும். இதுதான் இந்த விஷயத்தில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது. லயம் இடிந்து, ஆட்கள் பெஸ்தாரி ஜெயாவின் மலிவு வீடுகளுக்கும், ரவாங்குக்கும், கிள்ளானுக்கும் சிதறிய பின்னும், பழைய தோட்டத்தின் பெயரில் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு எழுவர் போட்டிகளுக்கு வருகிற குழுக்கள் உண்டு. அப்பாவின் தோட்டத்தில் ஒரு நாளும் வாழாத மகன் அந்தப் பெயருக்காக ஓடுகிறான். ஆட்டம் நடப்பது நகராண்மைக் கழகத் திடலில், மணிக்கணக்கில் வாடகை கட்டி. மழை வந்தால் கட்டிய பணம் போச்சு. பயிற்சிக்கு நிரந்தர இடம் கிடையாது என்பதால் சிறுவர் அணி அமைவதில்லை. சிறுவர் அணி அமையாததால் பத்து ஆண்டில் குழுவுக்கு முதுமை வந்துவிடுகிறது. ஆதரவாளர்களின் மனம் மாறுவதில்லை. அடுத்து ஆட ஆள் வருவதில்லை.

இதே கதையை ஸ்காட்லாந்தில் ஒரு சிற்றூர் அனுபவித்திருக்கிறது. கிளாஸ்கோவுக்கு மேற்கே உள்ள கிளைட்பேங்க், கப்பல் கட்டிய ஊர். தோட்ட லயங்கள் வரை வந்து சேர்ந்த சிங்கர் தையல் இயந்திரங்களைச் செய்த கில்போவி தொழிற்சாலையும் அங்கேதான் இருந்தது. அது 1980-இல் மூடப்பட்டது. ஊர்க் குழுவின் திடலுக்கும் கில்போவி என்றே பெயர். 1996-இல் அந்தத் திடலைவிட்டுக் குழு வெளியேறியது. புதுத் திடல் வரும் என்ற பேச்சு பேச்சாகவே நின்றது. அடுத்த ஆறு ஆண்டுகள் டம்பார்ட்டனிலும் கிரீனக்கிலும் அடுத்தவர் திடலில் குடியிருந்து ஆடினார்கள். பார்வையாளர் கூட்டம் ஆண்டுக்கு ஆண்டு மெலிந்தது. கடைசியில், 2002-இல், திவாலாகிப்போன ஏர்ட்ரி ஊர்க் குழுவுக்கு மாற்றாக ஒன்றை உருவாக்க நினைத்தவர்கள் கிளைட்பேங்கை வாங்கி, பெயரையும் சட்டையையும் மாற்றி, லீக்கில் அதற்கிருந்த இடத்தோடு ஏர்ட்ரிக்குக் கொண்டுபோனார்கள். திடல் இல்லாத குழுவை எங்கே வேண்டுமானாலும் எடுத்துச் செல்லலாம் என்பது அந்த ஊருக்கு அன்று புரிந்தது.

ஆதரவாளர்கள் அடுத்து செய்தது முக்கியம். அறக்கட்டளை அமைத்து, குழுவின் பெயருக்கான உரிமையைத் தங்கள் கையில் வாங்கி, 2003-இல் நாட்டின் கீழ்மட்டப் போட்டிகளிலிருந்து மீண்டும் தொடங்கினார்கள். பக்கத்து ஊரில் குடியிருந்து, பிறகு இன்னொரு சிறு குழுவின் திடலில் குடியிருந்து, இன்றுவரை கிளைட்பேங்க் என்ற பெயரில் ஆடுகிறார்கள். மூன்று முறை ஸ்காட்டிஷ் கோப்பையை வென்ற கிளைட் என்ற வேறொரு குழுவோ, 1986-இல் ஷாஃபீல்டு திடலை இழந்தது முதல் வாடகைத் திடல்களிலேயே காலம் தள்ளுகிறது. வசதியுள்ள நாட்டிலும் நிலம் இப்படித்தான் நடந்துகொள்கிறது. ஒரு வேறுபாடு உண்டு. கிளைட்பேங்க் ஆதரவாளர்கள் தெருவுக்கு வந்தபோது அவர்களுடைய ஊர் அங்கேயே இருந்தது; கூடிப் பேச மண்டபம் இருந்தது. தோட்டத்துக் குழு திடலை இழந்த அதே வாரத்தில் ஊரையும் இழந்தது. அதன் ஆதரவாளர்கள் கூடிப் பேசுவதற்கே ஓர் இடம் இல்லை.

மேலே, நாட்டின் உயர்நிலைப் போட்டிகளில், என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மலேசியக் கோப்பையை 33 முறை வென்ற சிலாங்கூருக்கே இப்போது சொந்த அரங்கம் இல்லை. 1994-இல் திறந்த ஷா ஆலம் அரங்கம் 2020-இல் மூடப்பட்டது, 2024-இல் இடிக்கத் தொடங்கினார்கள். புதியது எழும்வரை பெட்டாலிங் ஜெயாவின் மாநகராட்சி அரங்கமே வீடு. அந்தச் சிவப்பு மஞ்சள் சட்டையில் எம். சந்திரனும், கோல் காவலர் ஆர். ஆறுமுகமும், கே. ராஜகோபாலும் ஆடிய நாட்கள் நம் வீடுகளில் இன்னும் பேச்சில் இருக்கின்றன. 1972 மியூனிக் ஒலிம்பிக்குக்கும், புறக்கணிப்பால் போகாமல்போன 1980 மாஸ்கோவுக்கும் நாட்டுக்குத் தகுதி பெற்றுத்தந்த அணிகளில் நம்மவர்கள் இருந்தார்கள். 2010-இல் தென்கிழக்காசியக் கோப்பையை முதன்முறையாக மலேசியாவுக்குக் கொண்டுவந்த பயிற்றுநர் ராஜகோபால். இவர்கள் எல்லாரும் தோட்டத்தில் பிறந்தவர்கள் என்று சொல்ல வரவில்லை. ரயில்வே குடியிருப்பு, பொதுப்பணித்துறைக் குடியிருப்பு, துறைமுகம், தோட்டம் என்று எல்லா இடங்களிலும் ஒரு திடலும் தினமும் ஆட்டமும் இருந்த காலத்தின் விளைச்சல் அவர்கள். இன்று தேசிய அணியில் இந்தியப் பெயர்கள் அருகிப்போனதற்கு விடை தேடுகிறவர்கள் தேர்வுக் குழுவைப் பார்க்கிறார்கள். நான் முதலில் நிலவரைபடத்தைப் பார்க்கச் சொல்வேன்.

இந்தக் குறையைப் போக்க மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கம், மிஃபா, ஒரு துணிச்சலான முயற்சி எடுத்தது. அதன் குழு எஃப்.ஏ.எம். லீக்கிலிருந்து உயர்ந்து 2017-இல் பிரிமியர் லீக்கில் ஆடியது. 2019-இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற புதுப் பெயருடன் சூப்பர் லீக்குக்கு வந்தது. பி. மணியத்தின் பயிற்சியில், வெளிநாட்டு ஆட்டக்காரர் எவரையும் நம்பாமல், உள்ளூர் இளைஞர்களை வைத்தே பெரிய குழுக்களை எதிர்த்து நின்ற அந்த 2022 பருவத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ஆடியது மாநகராட்சி அரங்கில். இருக்கைகள் பெரும்பாலும் காலி. எந்த ஊரின் குழு அது? தோட்டத்துப் பிள்ளைகளின் குழுவாகப் பிறந்து, தோட்டத்து மக்கள் பேருந்து ஏறி வரமுடியாத நகரத்தில் குடியேறியது. 2022-இன் இறுதியில் உரிமையாளர்கள் விலகிக்கொண்டார்கள். 2023 பருவத்தில் குழு இல்லை. நல்ல பயிற்றுநர் இருந்தும், நல்ல பிள்ளைகள் இருந்தும், சனிக்கிழமை மாலையில் நடந்தே வந்து நிற்கிற ஒரு நூறு குடும்பங்கள் அதற்கு அமையவில்லை. பழைய தோட்டக் குழுக்களுக்கு இருந்தது அது ஒன்றுதான்.

செய்ய முடிந்தது என்ன என்று பார்த்தால், சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. தேசிய நிலச் சட்டத் தொகுப்பின் 62-ஆவது பிரிவின்கீழ் மாநில அரசு தன் நிலத்தைப் பொதுத் தேவைக்கென ஒதுக்கி அரசிதழில் அறிவிக்கலாம். தோட்ட நிலம் தனியாருடையது; வீடமைப்புக்கு அனுமதி கேட்கும்போது திறந்தவெளிக்கான பகுதியை அரசிடம் ஒப்படைக்க வேண்டும். திட்டப் பரப்பில் பத்தில் ஒரு பங்கு என்பது வழக்கிலுள்ள அளவு. சிக்கல் அந்த அளவில் இல்லை, அதை எண்ணுகிற முறையில் இருக்கிறது. இங்கே ஒரு மூலைப் பூங்கா, அங்கே ஒரு ஊஞ்சல், சரிவில் கொஞ்சம் புல், குளக்கரையில் ஒரு நடைபாதை என்று கூட்டினால் கணக்கு சரியாகிவிடும். ஆனால் காற்பந்துக்கு நிலம் ஒரே துண்டாக, சமமாக, செவ்வகமாக வேண்டும். அதற்குப் பதிலாக ஒரு ஃபுட்சால் தளத்தைக் கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். ஐந்து பேர் ஆடுகிற தளம் ஒரு மாலைப் பொழுதைக் கழிக்க உதவும். 11 பேர் கொண்ட குழுவையும், அதற்குப் பின்னால் நிற்கிற ஊரையும் அது உண்டாக்காது.

கேட்பதற்கு ஓர் அமைப்பு வேண்டும். 1997-ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் விளையாட்டு ஆணையரிடம் பதிவான கழகம், கோலசிலாங்கூர் நகராண்மைக் கழகத்திடம் திடல் பராமரிப்புக்கும் நேர ஒதுக்கீட்டுக்கும் பேச முடியும். நண்பர்கள் சேர்ந்து சட்டை தைத்துக்கொண்ட குழுவின் பேச்சு எடுபடாது. பழைய தோட்டப் பெயர்களில் ஆடுகிறவர்கள் தனித்தனியாக நிற்பதைவிட, ஒரு வட்டாரத்துக்கு ஒரு கழகமாகச் சேர்ந்து, பெயர்களைத் தங்கள் சிறுவர் அணிகளுக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. பெயரை விட்டுக்கொடுக்க மனம் வராது என்று தெரியும். தனித்தனியே வாடகை கட்டி ஓய்ந்துபோவதைவிட அது மேல்.

முழு அளவுத் திடலுக்கு 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் போதும். அது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. கோட்டுக்கு வெளியே நிற்க இடம், ஒரு கொட்டகை, தண்ணீர்க் குழாய் எல்லாம் சேர்த்தால் இரண்டரை ஏக்கர். ஒவ்வொன்றும் பல நூறு ஏக்கர் விரிந்த தோட்டங்கள் இந்த வட்டாரத்தில் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. தென்னமரத்தைச் சுற்றியும், ராஜா மூசாவிலும், புக்கிட் ரோத்தானிலும் அடுத்த மேம்பாட்டு வரைபடம் நகராண்மைக் கழக அலுவலகத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும் நாளில், அந்த இரண்டரை ஏக்கரை எண் குறிப்பிட்டு, ஒரே துண்டாகக் கேட்கும் மனு ஒன்று கோயில் மனுவோடும் பள்ளி மனுவோடும் சேர்ந்து மேசைக்குப் போக வேண்டும்.